துட்டி வீட்டில் சொன்ன 'போயிட்டு வாரேன்'

செருப்பு மட்டும் உடனே கிடைத்திருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

புரட்டாசி மாதத்து மத்தியானம். பக்கத்து வீட்டுக் கோமதியின் வாசலில் எழுபது எண்பது ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஆண்கள் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு போனதால் அவர்களுடைய செருப்புகளும் அங்கேயே கிடந்தன. பந்தலுக்குக் கீழே உதிர்ந்த ரோஜா இதழ்களை ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். வீட்டைக் கழுவி விட்ட தண்ணீர் வாசல்படி வழியாக இறங்கி வந்து செருப்புகளை எல்லாம் நனைத்துக்கொண்டிருந்தது.

என்னுடையது பழுப்பு நிறம். அந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் ஒரே கடையில்தான் செருப்பு வாங்குகிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாமே பழுப்பு.

அதுவரை நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போனால் யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள், கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் கூடாது. எழுந்து பேசாமல் வந்துவிட வேண்டும். எனக்கு இது தெரியாததல்ல. அப்படித்தான் எழுந்தேன், அப்படித்தான் நடையைத் தாண்டி வந்தேன்.

ஆனால் குனிந்து ஒவ்வொரு செருப்பாகக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதற்கோ நிமிர்ந்துவிட்டேன். அந்த வீட்டு வாசலில் நின்றால் நடை, கூடம் எல்லாம் நேர்கோட்டில் தெரியும். கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலை. அவளைச் சுற்றி யாரும் இல்லை.

அந்தப் பார்வையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடக்க எனக்கு மனசு வரவில்லை. மனசு யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"போயிட்டு வாரேன் மதினி" என்றேன். அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றை நிறுத்தினாள். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. செத்துப்போன கோமதி வீட்டுக்காரர் சுப்பையா அண்ணாச்சியின் அக்காள் உலகம்மாள் ஈரச் சேலையோடு நடைக்கு வந்தாள்.

"ஏளா, என்ன சொல்லு சொல்லுதா பாத்தியளா! இன்னொரு துட்டிக்கு வருவாளாமா இந்த வீட்டுக்கு?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கைக்கு அகப்பட்ட ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அதில் ஒன்று என்னுடையது, இன்னொன்று யாருடையதோ.

எப்ப வந்தீய?

சென்ற வாரம் வரை தூத்துக்குடித் துறைமுகத்துக் கதைகளையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாசகி, "கப்பல் ஏஜென்சியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் ஆற்றங்கரை ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாய்?" என்று கேட்டிருந்தார். கல்யாணம் செய்துகொண்டுதான்.

என் வீட்டுக்காரர் ஆத்தூர்க்காரர். தாமிரபரணி கடலுக்குப் போவதற்குச் சற்று முன்னால், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், பாலத்தைத் தாண்டியதும் வருகிற ஊர். பழைய சிவன் கோயில், வாழை, வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்கால். அவர் உரக் கம்பெனியில் வேலை பார்த்த அத்தனை வருஷமும் தூத்துக்குடியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, "ரிட்டையர் ஆனதும் ஊருக்குப் போயிரணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். சொல்கிறவர்கள் எல்லோரும் போய்விடுகிறார்களா என்ன என்று நினைத்தேன். அவர் போய்விட்டார். பின்னாலேயே நானும் போக வேண்டியதாயிற்று.

அதற்கு முன்னால் வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த ஊருக்குப் போயிருக்கிறேன், கொடை விழாவுக்கும் பொங்கலுக்கும். விருந்தாளியாகப் போகும்போது ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வெற்றிலையும் வாழைத்தாரும் காரில் ஏற்றிவிடும். ஆற்றில் குளிக்கப் போனால் படியில் நமக்கு இடம் விடுவார்கள். குடியிருக்கப் போனால் கதை வேறு. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள், நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முக்கு மளிகைக்கடை அண்ணாச்சி நான் போகும்போதெல்லாம், "எப்ப வந்தீய?" என்று கேட்பார். முதல் மாதம் சிரித்தேன். மூன்றாம் மாதம், "இங்கதான் இருக்கேன் அண்ணாச்சி" என்றேன். அவரும் "அப்படியா, சந்தோசம்" என்றார். அடுத்த வாரமே பருப்பு வாங்கப் போனால் "எப்ப வந்தீய?" என்றார். எட்டாவது மாதம் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நான் வந்து எட்டு மாசம் ஆச்சு அண்ணாச்சி!"

அவர் பருப்பைத் தராசில் கொட்டிக்கொண்டே நிதானமாக, "சரி. எப்பப் போறீய?" என்றார்.

அவர் மேல் குற்றமில்லை. வருகிறவர்களையே பார்த்துப் பழகிய கண் அது. தை மாதத்தில் பச்சை வேட்டி கட்டிய கூட்டம் திருச்செந்தூருக்கு நடந்து போகும். அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் காரில் வருகிறவர்கள் கொற்கைக்கு வழி கேட்பார்கள். முத்துக் குளித்த பாண்டியர் துறைமுகம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருப்பார்கள். ஒருநாள் என் வீட்டு வாசலிலேயே ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தியது. "கொற்கைக்குப் போனோம்மா, அங்கே வாழைத்தோட்டம்தான் இருக்கு. கடல் எங்கே?" என்று அந்த அம்மாள் கேட்டார், யாரோ எடுத்து ஒளித்து வைத்துவிட்ட மாதிரி.

"கடல் தள்ளிப் போய் ரொம்ப நாளாச்சும்மா" என்றேன்.

ஆறு மண்ணைக் கொண்டுவந்து போட்டுப் போட்டுத் துறைமுகத்தையே மூடிவிட்டது என்பதை வீட்டுக்காரர் அரை மணி நேரம் அவர்களுக்கு விளக்கினார். அவருக்கு அதில் ஒரு பெருமை. எனக்கோ, கடலையே தள்ளி உட்கார வைத்த ஆற்றுக்கு நான் எந்த மூலைக்கு என்று இருந்தது.

சொல்லாமப் போயிட்டீய

அப்படிப்பட்ட ஊரில் என்னை முதலில் மனுஷியாக எடுத்துக்கொண்டவள் கோமதிதான்.

அவள் வீட்டுக்காரர் சுப்பையா அண்ணாச்சிக்குக் கொடிக்கால் இருந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து போய் வெற்றிலை கிள்ளி, பத்து மணிக்குத் திரும்பி, குளித்துச் சாப்பிட்டுத் தூங்குகிற மனுஷர். அதிகம் பேச மாட்டார். ஒரே மகன் சென்னையில். கோமதி என் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அதனால் நான் அவளுக்கு மதினி. நானும் அவளை மதினி என்றே கூப்பிட்டேன். எங்கள் இருவரில் யார் மூத்தவள் என்று இன்று வரை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வயதில் அதெல்லாம் கேட்டால் நட்பு நிலைக்காது.

முதல் தடவை அவள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினேன். காப்பி குடித்தேன். "சரி" என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன மதினி, நேத்து எங்க மேல எதும் கோவமா?"

"இல்லையே, ஏன்?"

"சொல்லாமப் போயிட்டீய."

"சரின்னு சொன்னேனே."

"சரின்னா? போனை வைக்கும்போதுதான அப்படிச் சொல்லுவாவ!"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. முப்பது வருஷம் டெலிபோனில், "கண்டெய்னர் வந்திருச்சு, சரி" என்று வைத்தே பழகிய வாய் இது. கோமதி சொல்லச் சொல்லத்தான் அதில் ஒரு முறை இருப்பதைக் கவனித்தேன். எழுந்ததும் "போயிட்டு வாரேன்" என்று முழுசாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரி "சரி, போயிட்டு வாங்க" என்கிற வரைக்கும் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு வாசல்படியில் இன்னும் கால் மணி நேரம் பேசலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பதில் வராமல் கிளம்பினால் சண்டை என்று அர்த்தம்.

கப்பல்கூட அப்படித்தானே என்று எனக்குத் தோன்றியது. எத்தனை அவசரமானாலும் துறைமுகத்திலிருந்து அனுமதிச் சீட்டு வாங்காமல் எந்தக் கப்பலும் நங்கூரம் எடுக்காது. இதைக் கோமதியிடம் சொன்னதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதிலிருந்து நான் எழுந்தால், "கப்பல் பொறப்பட்டுட்டு" என்பாள்.

ஊரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற வெறியில் நான் அதை அளவுக்கு மீறிப் பழகிவிட்டேன். தையற்கடையில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னேன். பல் பிடுங்கப் போன இடத்தில் வீங்கின கன்னத்தோடு, "போயிட்டு வாரேன் டாக்டர்" என்றேன். அவர் சின்னப் பையன், "வேண்டாம்மா, வராதீங்க" என்று பதறினார்.

அது வரைக்கும் வேடிக்கைதான்.

சுப்பையா அண்ணாச்சி ஒரு காலையில் கொடிக்காலுக்குப் போனவர், அகத்தி மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்தில் கிள்ளி வைத்த வெற்றிலை ஈரத் துணிக்குள் அப்படியே இருந்ததாம். அவரைத் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். அந்த வீட்டில்தான் போய் நான் அப்படிச் சொல்லித் தொலைத்தேன்.

உலகம்மாளின் கை

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் சுடுகாட்டிலிருந்து வந்து தலை துவட்டிக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். தெருவில் அதற்குள் பரவியிருந்தது.

"உனக்கு வாயி சும்மா இருக்காதே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோமதி அதெல்லாம் மனசுல வச்சிக்கிட மாட்டா" என்றார்.

வைத்துக்கொள்ள மாட்டாள் என்று நானும் நம்பியிருப்பேன். உலகம்மாள் விழாமல் இருந்திருந்தால்.

ஐந்தாம் நாள் காலையில் உலகம்மாள் ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். அந்த வாரம்தான் படித்துறையில் தண்ணீரில் மண்டியிருந்த அமலைச் செடியை அள்ளிப் படியிலேயே போட்டிருந்தார்கள். வழுக்கி விழுந்து வலது கை மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு வந்து துட்டி வீட்டுப் பந்தலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"வாரேன்னு சொல்லிட்டுல்லா போனா. வந்துட்டுல்லா!"

இது எனக்குத் தெருக்குழாயில் வைத்துச் சொல்லப்பட்டது. சொன்னவள் சும்மா சொல்கிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் குடம் நிறைகிற வரைக்கும் என் முகத்தையே பார்த்தாள்.

வீட்டுக்காரருக்கு எரிச்சல். "எழுவது வயசுல பாசிப் படியில செருப்போட எறங்குனா கை ஒடியாம என்ன செய்யும்? ஒன் வாயிக்கும் அவ கைக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். நான் ஜாதகம், சகுனம் எதுவும் பார்க்கிறவள் இல்லை. ராகுகாலத்தில் பில் போட்டு வெள்ளிக்கிழமையில் கப்பல் அனுப்பியவள். ஆனாலும் அன்று இரவு, கோமதியின் மகன் பதினாறு முடிந்து சென்னைக்கு நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது எங்கே போய் யார் தலையில் விழுமோ என்று பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்காரரை மட்டும் அனுப்பினேன். மூன்று வீடு தள்ளி இருக்கிறவர்களுக்கும் தெரியும் எனக்குக் காய்ச்சல் இல்லை என்று. அன்று காலையில்தான் வாசலில் வற்றல் காயப்போட்டிருந்தேன்.

"கோமதி கேட்டாளா?" என்றேன், அவர் திரும்பி வந்ததும்.

"மதினி எங்கன்னு கேட்டா. காய்ச்சல்னேன். ஒண்ணும் சொல்லல."

அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் நான் பல நாள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

பின்தெரு

எங்கள் தெருவில் வீடுகள் நீளமானவை. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முன்தெரு வழியாகப் போனால் கோமதி வீட்டு வாசலைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்கும் கடைக்கும் போக வேண்டும். அந்த வாசலைத் தாண்ட எனக்குத் தைரியமில்லை. கதவு திறந்திருந்தால் கூடம் வரை தெரியுமே.

ஆகவே பின்தெருவுக்கு மாறினேன். சாக்கடையும் மாட்டுத்தொழுவமுமாக இருக்கும். நல்ல சேலை கட்டிக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. குனிந்த தலை நிமிராமல், சாணியை மிதிக்காமல், காலையில் ஒரு தடவை பால் வாங்க, சாயங்காலம் ஒரு தடவை காய் வாங்க. இரண்டு வாரத்தில் அந்தத் தெருவின் குண்டுகுழி எல்லாம் எனக்கு மனப்பாடம்.

தெரு என்னிடம் பேசாமல் இல்லை. "மழை வருமா?" என்பார்கள், "வெத்தலை வேணுமா?" என்பார்கள். ஆனால் யாரும் தங்கள் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போகும்போது இவள் என்ன சொல்லி வைப்பாளோ என்ற பயமாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவர்கள் அப்படி நினைத்தார்களா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பழைய சேக்காளிகளை, தூத்துக்குடிச் சிநேகிதிகளை, மனசு தேடியது. அங்கேயே இருக்கிற மகள் சுதாவுக்குப் போன் செய்தேன். அவள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. சுத்தம் பண்ணி வை, நான் வருகிறேன் என்றேன். "எத்தனை நாளைக்கும்மா?" என்றாள். "வந்து சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிற செய்தியைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார்.

"ஒனக்கு இங்கன புடிக்கலன்னா பூட்டிட்டுப் போயிருவோம்" என்றார். "நீ மொதல்ல போ. நான் கூரை ஓட்ட மாத்திட்டுப் பின்னால வாரேன்."

 முப்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு அந்த ஊரை நினைத்துக்கொண்டிருந்த மனுஷர். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் கொல்லைப்பக்கம் போய், மழைக்குக் கழன்ற ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் பெட்டியைக் கட்டினேன்.

பின்வாசல்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். நாலரை மணி பஸ். கையில் பை. வழக்கம்போல் பின்தெருவில் தண்ணீர் தேங்கிய இடங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

"மதினி."

எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன்.

"இங்கன. பொறவாசல்ல."

மரக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, அடுப்படிக்குப் பின்னால் உள்ள சின்ன நிலைப்படியில் கோமதி உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. 

"நீங்க இங்கயா இருக்கீய?" என்றேன்.

"பின்ன எங்க இருப்பேன்? நாப்பத்தோரு நாளு கழியற வரைக்கும் முன்வாசலுக்கு வரக் கூடாதுன்னு உலகம்மா மதினி சொல்லிட்டுப் போயிருக்காவ. பகல் பூரா இந்தப் படிதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து தெரு மாறினேனோ, அவள் முகத்துக்கு முன்னால்தான் இத்தனை நாளும் காலையிலும் சாயங்காலமும் நடந்திருக்கிறேன்.

"டெய்லி போறீய, வாரீய. ஒருநா நிமிந்து பாப்பீய, ஒருநா பாப்பீயன்னு நானும் இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "என்ன மதினி, துட்டி விழுந்த வீடுன்னு பயமா?"

"ஐயோ, இல்ல மதினி!" பை கையிலிருந்து நழுவியது. "நான்தான்... அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுக்குப் பிறகு அவங்க கை வேற ஒடிஞ்சு... எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்க வீட்டுக்கு வருவேன்?"

"என்ன சொன்னீய?"

"போயிட்டு வாரேன்னு."

கோமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொன்னீயள்லா. சொல்லிட்டு ஏன் வரல?"

 கால் சேறாக இருப்பதைக்கூட மறந்து உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கிற அகலம்தான் அந்தப் படி.

அவள் தெருவையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னைக்கு எத்தன பேரு வந்தாவ மதினி. வந்தாவ, அழுதாவ, எந்திச்சாவ, போனாவ. ஒராளுகூட மொகத்தப் பாக்கல. மொறை அதுதான், எனக்கும் தெரியும். நானும் எத்தன வீட்டுல அப்படி எந்திச்சு வந்திருக்கேன். ஆனா அங்கன உக்காந்து பாத்தாத்தான் தெரியுது. ஒவ்வொருத்தரா முதுகக் காட்டிக்கிட்டே போறாவ."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவியளும் அன்னைக்குக் கொடிக்காலுக்குச் சொல்லாமத்தான் போனாவ. நான் குளிச்சிக்கிட்டு இருந்தேன். கதவச் சாத்துற சத்தம் மட்டும் கேட்டுது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"நீங்க ஒராளுதான் சொல்லிட்டுப் போனீய. உலகம்மா மதினி அந்தக் கத்து கத்துனாவ. எனக்கு அது காதுலயே விழல. சரி, மதினி வருவாவன்னு மட்டும் இருந்துது. பதினாறு கழிஞ்சு மவன் போயிட்டான். உலகம்மா மதினியும் கட்டுப் பிரிக்கணும்னு போயிட்டாவ. நீங்க வருவீயன்னு இருந்தேன். பொறவு பாத்தா, இந்தப் பக்கமாவே போறீய, திரும்பிக்கூடப் பாக்கல. நாமதான் எதும் தப்பாச் செஞ்சிட்டமோன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "காப்பி போடச் சொல்லுவீயளோன்னு பயமா இருக்கு. வீட்டுல பாலு இல்ல. ஒருத்திக்கு என்னத்துக்குன்னு நிப்பாட்டிட்டேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

"பை என்ன பை? எங்க போறீய?"

"தூத்துக்குடிக்கு."

"எத்தன நாளைக்கு?"

சாலையில் நாலரை மணி பஸ் ஹார்ன் அடித்தது. பாலத்தில் ஏறும்போது அப்படித்தான் நீளமாக அடிப்பான். இருவரும் கேட்டுக்கொண்டு இருந்தோம். சத்தம் குறைந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"போகலை" என்றேன்.

இருட்டத் தொடங்குகிற வரைக்கும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். கொடிக்காலை யார் பார்ப்பது என்று பேசினோம், மகன் கூப்பிடுகிறான் ஆனால் அவள் போக மாட்டாள் என்று பேசினோம், உலகம்மாள் கையைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம். அப்போது மட்டும் கோமதி லேசாகச் சிரித்தாள். அவள் வீட்டுக்குள் விளக்கு போட வேண்டிய நேரம் வந்தது. நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டேன். பின்வாசலைத் தாண்டி நின்றேன்.

ஐம்பத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக என் வாய் யோசித்தது. சொல்லலாமா, கூடாதா? பேசாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

"சொல்லிட்டுப் போங்க மதினி" என்றாள்.

"இன்னும் நாப்பத்தொண்ணு கழியலையே."

"கழியாட்டா என்ன? சொன்னாத்தான வருவீய."

சொன்னேன். முழுசாகச் சொல்லிவிட்டு, பதிலுக்காக நின்றேன்.

"சரி, போயிட்டு வாங்க" என்றாள் கோமதி. நான் நாலு எட்டு வைத்ததும் பின்னாலிருந்து மறுபடியும் அவள் குரல் வந்தது. "காலைல ஆறரைக்கு வந்திருங்க. பால்காரர்ட்ட அரை லிட்டரு சொல்லி வைக்கேன்."